14,100-இல் பதினெட்டுப் பேர்

ஹாம் ரேடியோக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் சண்டை வந்துவிடும். எந்த ஆன்டனா உசத்தி என்று ஒரு சண்டை. மோர்ஸ் இனிமேல் வேண்டுமா என்று ஒரு சண்டை. இரண்டும் ஓய்ந்ததும் பெரிய சண்டை: நம் அலைவரிசைகளில் தானாக ஓடும் மெஷின்களுக்கு இடம் கொடுக்கலாமா, கூடாதா? "மனுஷனும் மனுஷனும் பேசத்தானே பேண்டு? கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் கொஞ்சிக்கிறதுக்கு நாம எதுக்கு ஒதுங்கி நிக்கணும்?" என்பார் எங்கள் வாத்தியார். அடி அண்ணாமலையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசுவேன். எனக்கு அந்த மெஷின்கள் மேல் பைத்தியம். கொஞ்சமும் வெட்கமில்லாத பைத்தியம்.

ஹாம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் நடத்தும் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துபவர்கள் நாங்கள். இந்தியாவில் எங்கள் அழைப்புக்குறி 'வியூ' என்று தொடங்கும். 1978-ஆம் வருஷத்து விதிகள் இன்னும் எங்களைக் கட்டி மேய்க்கின்றன. எங்களுக்கென்று சில பேண்டுகள் உண்டு. அதில் இருபது மீட்டர் என்பது 14,000 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து 14,350-இல் முடிந்துவிடும். அந்த 350 கிலோஹெர்ட்ஸ்தான் உலகம் முழுவதற்கும். ஜப்பான்காரருக்கும் அதே, பிரேசில்காரருக்கும் அதே, திருவண்ணாமலையில் மொட்டை மாடிக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதே. எந்த அலைவரிசைக்கும் யாரிடமும் பட்டா கிடையாது. ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கிற வரைக்கும் மற்றவர் காத்திருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன்னால் காதைத் திறக்க வேண்டும். பேண்டின் நாகரிகம் அவ்வளவுதான்.

இந்த நாகரிகத்தை மனிதர்களைவிட அழகாகக் காப்பாற்றும் பதினெட்டு மெஷின்கள் 14,100-இல் இருக்கின்றன.

சர்வதேச பீக்கன் திட்டம் என்று பெயர். வட கலிபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளையும் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியமும் சேர்ந்து நடத்துகின்றன. உலகம் முழுக்கப் பதினெட்டு நிலையங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. ஆளுக்குப் பத்து விநாடி. ஒருவர் முடித்ததும் அடுத்தவர். மூன்று நிமிஷத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை ஆரம்பித்து வைக்கும். அப்புறம் கனடா, கலிபோர்னியா, ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான், சைபீரியா, ஹாங்காங். சரியாக ஒன்றரை நிமிஷம் ஆனதும், நம் பக்கத்து வீடு, கொழும்பு! அதற்கடுத்துத் தென்னாப்பிரிக்கா, கென்யா, இஸ்ரேல், ஃபின்லாந்து, மடீரா தீவு, அர்ஜென்டினா, பெரு, வெனிசுவேலா. மனிதர்களை இப்படி வரிசையில் நிற்க வைத்துப் பாருங்கள், நடுவில் ஒருத்தராவது செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போயிருப்பார்.

பத்து விநாடிக்குள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் மோர்ஸில் தன் அழைப்புக்குறி. கொழும்பு என்றால் 4எஸ்7பி: டிடிடிடிடா, டிடிடிட், டாடாடிடிடிட், டாடிடிடிட். அதன்பின் ஒவ்வொன்றும் ஒரு விநாடி நீளத்தில் நாலு கோடு. அழைப்புக்குறியும் முதல் கோடும் 100 வாட். இரண்டாவது கோடு 10 வாட். மூன்றாவது 1 வாட். நாலாவது வெறும் 0.1 வாட். நாலு படி இறங்கி வரும் ஓசை! எத்தனை கோடு காதில் விழுகிறது என்று எண்ணினால் போதும், அந்தத் திசையில் இன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜப்பானின் நாலாவது கோட்டைத் தேடியிருக்கிறேன். பட்டாணி வறுக்கிற மாதிரி இரைச்சலுக்குள் அது ஒரு இழையாக இருந்தது. பத்தில் ஒரு பங்கு வாட், ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி, ஏனோதானோ என்று இழுத்துக் கட்டிய என் கம்பியில்! மாடியிலிருந்து கத்தினேன். கீழே அம்மா, "என்னடா, குரங்கா?" என்றார்.

(குரங்குக் கதையைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். வீட்டு வயரிங் கம்பியை இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் கோஆக்ஸ் கேபிள் கோத்து, தண்ணீர்த் தொட்டிக்கும் முருங்கை மரத்துக்கும் இடையில் கட்டியதுதான் என் டைபோல். மலையடிவாரத்துக் குரங்குகளுக்கு அது ஊஞ்சல். ஆன்டனா புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர்கள் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பனியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு நடுக்கம்பியில் தொங்கினால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை.)

கொழும்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர்தான். ஆனால் பல நாள் அது எனக்குக் கேட்காது. ஃபின்லாந்து கேட்கும், தென்னாப்பிரிக்கா கேட்கும், கொழும்பு மௌனம். இந்த அலை தரையோடு தவழ்ந்து வருவதில்லை. மேலே போய், அயனமண்டலத்தில் பட்டு, சாய்ந்து கீழே இறங்குகிறது. தூரத்து நிலையத்தின் அலை சாய்வாகப் போவதால் சுலபமாகத் திரும்பும். பக்கத்து நிலையத்தின் அலை அதைவிட நெட்டுக்குத்தாகப் போவதால் மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருஷங்களில் மதிய நேரத்தில் மண்டலம் கெட்டிப்படும், கொழும்பு கணீரென்று விழும். சூரியன் சோர்ந்தால் எங்கள் தலைக்கு மேலேயே தாண்டிப் போய்விடும். பக்கத்து வீடு கேட்கவில்லை, பத்தாவது ஊர் கேட்கிறது என்பதை ஒரு மெஷின்தான் எனக்குத் தினமும் எடுத்துச் சொல்கிறது. மனிதன் எவனாவது ராத்திரி பகல் பார்க்காமல் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

இன்னொன்று. நம் நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த 'அரை' எத்தனையோ இடங்களில் தலைவலி. இங்கே அது ஒன்றுமே செய்யாது, முப்பது நிமிஷத்தை மூன்றால் வகுத்தால் மீதி வராதே! சுவர்க் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டால் ஒன்பது மணி ஒன்றரை நிமிஷத்துக்குக் கொழும்பு, பன்னிரண்டு மணி ஒன்றரை நிமிஷத்துக்கும் கொழும்பு. இதைக் கண்டுகொண்ட அன்று நான் பட்ட ஆனந்தத்தை வீட்டில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இத்தனை ஒழுங்காக வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே போய் நிற்பவர் யார்? மனிதர்தான். போட்டி நடக்கும் வாரக்கடைசிகளில் ஆவேசமாக அழைத்துக்கொண்டு 14,100 மேலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆக இரண்டு கிலோஹெர்ட்ஸை பீக்கன்களுக்கென்று விட்டு வைக்கச் சொல்லி ஏற்பாடு இருக்கிறது. இதை வாத்தியாரிடம் சொன்னால் பேச்சை மாற்றுவார்.

என் ரேடியோ வாழ்க்கையில் பெரிய உபகாரி மின்வெட்டு என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். தெருவில் எல்இடி விளக்கு, பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர், எதிர்வீட்டில் சீரியல் செட், எல்லாம் சேர்ந்து பேண்டில் ஓர் இரைச்சலை எழுப்பிக்கொண்டே இருக்கும். மீட்டர் முள் 7-க்குக் கீழே இறங்காது. கரண்ட் போகட்டும், முள் பொத்தென்று விழும். தெருவே உச்சுக்கொட்டும்போது நான் ஒருவன் பேட்டரியை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஓடுவேன். அந்த இருட்டில்தான் பெரு நாட்டின் பீக்கனை முதல்முறையாகக் கேட்டேன்.

பீக்கன் கேட்பது பழைய சுகம். புதிய சுகத்துக்குப் பெயர் விஸ்பர். எழுதியவர் ஜோ டெய்லர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஹாம்தான்! வானத்தின் ஆழத்திலிருந்து வரும் மெல்லிய துடிப்பைத் தோண்டியெடுத்த மனுஷர், ஓய்வுக் காலத்தில் எங்களுக்காக மென்பொருள் எழுதி 2008-இல் இலவசமாகக் கொடுத்தார். விஸ்பரில் நாம் சொல்வது மூன்றே விஷயம்: அழைப்புக்குறி, உலக வரைபடத்தில் நாம் இருக்கும் கட்டம், எத்தனை வாட். திருவண்ணாமலையின் கட்டம் எம்கே92. இந்த மூன்றையும் சொல்ல ஏறக்குறைய இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நிதானம். அகலம் 6 ஹெர்ட்ஸ். ஆக 200 ஹெர்ட்ஸ் இடத்துக்குள் உலகமே ஒடுங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு குரல் பேச்சுக்கு அதைப்போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு இடம் வேண்டும்.

நான் அறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து 200 மில்லிவாட்டில் விஸ்பர் போடுவேன். எங்கெங்கோ ஆளில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கணினிகள் என்னைக் கேட்டதாகப் பட்டியலில் எழுதிவைக்கும். ஒருநாள் அந்தப் பட்டியலில் ஒரு ஜெர்மன் அழைப்புக்குறி. ஜெர்மனிதானே என்று அலட்சியமாகத் தூரத்தைப் பார்த்தால் சுமார் 11,000 கிலோமீட்டர் என்கிறது. ஜெர்மனி அவ்வளவு தூரமில்லையே! மறுபடி பார்த்தேன். அண்டார்டிகா. நியூமேயர் 3 என்ற ஜெர்மன் ஆய்வு நிலையத்தின் ரிசீவர். என் முருங்கை மரத்தில் கட்டிய வயரிங் கம்பி, பென்குவின் நாட்டில் கேட்டிருக்கிறது! இதற்கு மேல் ஒரு மெஷின் என்னதான் செய்ய வேண்டும், சொல்லுங்கள்?

அதே டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் சேர்ந்து 2017-இல் கொண்டுவந்த முறைதான் எஃப்டி8. இன்றைக்கு எந்த நேரம் 14,074-இல் ரிசீவரை வைத்தாலும் குயில் கூட்டம் ஒன்று புல்லாங்குழல் கற்றுக்கொள்வது மாதிரி ஓசை வரும். பதினைந்து விநாடி ஒரு பங்கு. ஒருவர் அனுப்புவார், அடுத்த பதினைந்தில் மற்றவர் பதில் சொல்வார். மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள் டஜன் கணக்கில் உரையாடல்கள். பௌர்ணமி கிரிவலம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: பதினாலு கிலோமீட்டர் ரோட்டில் லட்சக்கணக்கானவர்கள் ஒருவர் தோளோடு ஒருவர் உரசிக்கொண்டு போனாலும், எல்லாரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நடப்பதால் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். எதிர்த்திசையில் ஒருவர் வந்தால் தெரியும் சேதி.

எஃப்டி8-ஐ ரோபோ என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். மென்பொருளுக்குள் ஒரு காவல்நாய் இருக்கிறது, பெயரே வாட்ச்டாக். யாரும் பொத்தானைத் தொடாமல் சில நிமிஷம் போனால் ஒலிபரப்பைத் தானே நிறுத்திவிடும். நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும் என்பது எழுதியவர்களின் பிடிவாதம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இனி, விண்வெளி நிலையம். இதைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னிக்கவும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. பாக்கெட் மோடில் விட்டிருக்கும் நாட்களில், 145.825 மெகாஹெர்ட்ஸில் நாம் ஒரு குறுஞ்செய்தியை டிஜிட்டல் பொட்டலமாக அனுப்பினால், அது வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி ஒலிபரப்பும். விண்வெளி வீரர் யாரும் தொட வேண்டியதில்லை, முழுக்க மெஷின். தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல் வேகம். நம் தலைக்கு மேல் கடந்து போக அதிகபட்சம் பத்து நிமிஷம்தான் கிடைக்கும்.

இதற்கு லட்ச ரூபாய் சாமான் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஹேண்ட்ஹெல்ட் செட், ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவே ஒரு ஆடியோ ஒயர். ஆன்டனாவுக்குத் தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் மூன்று வரிசையாகக் கிளாம்ப் போட்டுக் கட்டினேன். மூன்று எலிமென்ட் யாகி தயார். மடக்கினால் பைக்குள் போய்விடும், விட்டால் டங்கென்று நிமிர்ந்துகொள்ளும். என்ன ஒரு கண்டுபிடிப்பு!

அன்று நிலையம் வடமேற்கிலிருந்து வந்தது. என் வீட்டுக்கு மேற்கே முழுக்க மலை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அடிவானத்திலேயே கிடைப்பது, எங்களுக்கு அண்ணாமலையின் தோளைத் தாண்டி ஏறினால்தான் கிடைக்கும். மாடியில் டேப் ஆன்டனாவை மலைமேல் நீட்டிக்கொண்டு நின்றேன். இரைச்சல், இரைச்சல், இரைச்சல். மலை விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று 'ப்ர்ர்ராக்' என்று ஒரு சத்தம். பழைய மோடம் கத்துவது மாதிரி, 1,200 ஹெர்ட்ஸ் ஒன்று, 2,200 ஹெர்ட்ஸ் ஒன்று, இரண்டு சுருதியும் மாறி மாறி. யாரோ எங்கிருந்தோ அனுப்பியது மேலே போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. நானும் பொத்தானை அமுக்கினேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் அதே 'ப்ர்ர்ராக்', இந்த முறை லேப்டாப் திரையில் என் அழைப்புக்குறி, பக்கத்தில் ஆர்எஸ்0ஐஎஸ்எஸ், அதன் வாலில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கு, 'இந்த நிலையம் இதைத் திருப்பிச் சொல்லிவிட்டது' என்று பொருள். என் வார்த்தை விண்வெளிக்குப் போய் வந்துவிட்டது. போகும் நேரமும் வரும் நேரமும் சேர்த்து இட்லிப் பானை மூடியைத் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை!

ஐரோப்பாவில் இதே நிலையம் கடக்கும்போது அடிதடியாம். எல்லாரும் ஒரே சமயத்தில் அனுப்பி, எல்லாருடையதும் மோதிச் சிதறிவிடும். காரணம் யாருடைய அவசரமும் அல்ல, உயரம்தான். மேலே இருக்கும் மெஷினுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர் எல்லாருடையதும் கேட்கும். கீழே இருக்கும் நமக்கோ ஒருவரை ஒருவர் கேட்காது. அலைவரிசை காலி என்று நினைத்து நான் அனுப்புவேன், காலி என்று நினைத்து பாங்காக்கிலும் ஒருவர் அனுப்புவார். 1971-இல் ஹவாய்த் தீவுகளின் கணினிகளை ரேடியோவில் இணைத்த நார்மன் ஆப்ராம்சன் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். அவரவர் இஷ்டப்படி அனுப்பினால் அலைவரிசை நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். கடிகாரம் வைத்துப் பங்கு பிரித்துவிட்டால் அது இரண்டு மடங்காகும். பீக்கன்களின் பத்து விநாடியும் எஃப்டி8-இன் பதினைந்து விநாடியும் எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கின.

எங்களுக்குப் பாடம் எடுக்க விண்வெளி நிலையம்கூட வேண்டியதில்லை. மலை போதும். 2,668 அடி உயரக் கல். கிழக்கே கோயில் பக்கம் என் வீடு, மேற்கே அடி அண்ணாமலையில் வாத்தியார் வீடு. நடந்து போனால் கிரிவலத்தில் பாதி. ஆனால் இரண்டு மீட்டர் பேண்டில் எங்கள் ஹேண்ட்ஹெல்ட்கள் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. வடக்கே போளூரில் ஒரு நண்பர் இருக்கிறார், மூன்று மாடி வீடு. அவருக்கு மலையின் இரண்டு பக்கமும் தெரியும், எங்கள் இரண்டு பேரையும் கேட்கும். நாங்கள் மூவரும் ஏபிஆர்எஸ் என்ற முறையில் இருப்பிடமும் செய்தியும் அனுப்ப ஆரம்பித்தோம். மெஷினில் 'காலியா என்று கேட்டுவிட்டு அனுப்பு' என்ற ஏற்பாடு இருக்கிறது. எங்கள் செட்டுகள் ஒழுங்காகக் கேட்டன, காலி என்று நம்பின, இரண்டும் சேர்ந்தே அனுப்பின. போளூரில் வெறும் கொரகொரப்பு. "இரண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க, ஒண்ணும் விளங்கல" என்று போனில் திட்டு விழுந்தது. மலையை நகர்த்த முடியாது. இரட்டைப்படை நிமிஷம் எனக்கு, ஒற்றைப்படை நிமிஷம் வாத்தியாருக்கு என்று கடிகாரத்தைப் பிரித்தோம். அன்றோடு மோதல் நின்றது. மெஷின் வேண்டாம் என்ற வாத்தியார்தான் இப்போது விநாடி முள்ளைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

கார்த்திகை தீபத்தன்று இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். ஊரே அண்ணாந்து பார்த்து "அரோகரா" என்று முழங்கி முடித்த கையோடு எல்லாரும் போனை எடுப்பார்கள். போட்டோ போகாது, மெசேஜ் சுற்றிக்கொண்டே இருக்கும், கால் கிடைக்காது. எங்கள் செய்தி மட்டும் போளூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு செய்தியில் 67 எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினியில் குறைந்தது மூன்று பைட் தின்னும் என்பதால், ஆங்கிலத்தில் தமிழைத் தட்டினோம். "தீபம் பார்த்தாச்சா சார்?" என்று அனுப்பினேன். வந்துசேர்ந்தது என்று அவர் மெஷின் முதலில் ஒப்புகைச்சீட்டு கொடுத்தது. ஒற்றைப்படை நிமிஷம் வந்ததும் பதில்: "ஆச்சு தம்பி. இங்க நெருப்பு பெருசா தெரியுது. உனக்கு?"

இத்தனை புகழ்ந்த பிறகு, வாத்தியாரின் கோபத்தில் நியாயமான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். சண்டையின் உண்மையான மையம் பீக்கனோ விஸ்பரோ அல்ல. ரேடியோ வழியாக மின்னஞ்சல் கொண்டுபோகும் அஞ்சல்பெட்டி நிலையங்கள். வின்லிங்க் என்பது அதில் பெரிய வலைப்பின்னல். அதன் முன்னோடியை விக் பூர் என்ற அமெரிக்க ஹாம் 1980-களில் தொடங்கிவைத்தார். இன்டெல் 8008 சில்லுக்கு அடிப்படையான கட்டளைத் தொகுப்பை டேட்டாபாயின்ட் நிறுவனத்தில் வடிவமைத்த இருவரில் ஒருவர் அவர். நடுக்கடலில் பாய்மரப் படகில் போகிறவர்களுக்கு இந்தப் பெட்டிதான் தபால்காரர். புயலில் எல்லாம் சாய்ந்த ஊர்களிலிருந்து நிவாரணப் பட்டியல் போவதும் இதில்தான். இதெல்லாம் பொன்னான காரியம்.

ஆனால் இந்தப் பெட்டிகள் சில அகலமானவை. பாக்டர் முறையில் அனுப்பும்போது இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விழுங்கும், விஸ்பர் உலகம் முழுக்க ஒடுங்கி உட்காரும் இடத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டியும் போகும். மெல்லிய மோர்ஸ் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று இது எழுந்தால் பேச்சு காலி. நானும் அனுபவித்திருக்கிறேன். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவரிடம் அவர் பெயரைக் கேட்டு, அவர் அதை மோர்ஸில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெட்டி மேலே வந்து விழுந்து, அவர் பெயரின் பின்பாதி இன்றுவரை எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் இந்தச் சண்டை வருஷக்கணக்காக அரசாங்கம் வரைக்கும் போனது. குறியீட்டு வேகத்துக்கு இருந்த பழைய வரம்பை அங்கே 2023 நவம்பரில் எடுத்துவிட்டு, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று புது வரம்பு வைத்தார்கள். இரண்டு கட்சிக்கும் முழு திருப்தி இல்லை என்று கேள்வி.

என் தீர்ப்பு இது. பெட்டி பெரும்பாலும் தானாகப் பேசாது, யாராவது கூப்பிட்டால்தான் பேசும். கூப்பிடுகிறவர் மனிதர். அவர் பொத்தானை அமுக்குவதற்கு முன் அரை நிமிஷம் காது கொடுத்திருந்தால் என் ஆஸ்திரேலியரின் முழுப்பெயர் எனக்குக் கிடைத்திருக்கும். அவருக்குக் கேட்காத இடத்தில் நான் இருந்திருக்கலாம், போளூர்க் கதைதான். அதற்கும் வழி இருக்கிறது: அலைவரிசை நிறைந்திருக்கிறதா என்று பெட்டியே பார்த்துவிட்டு வாயைத் திறக்கும் வசதி புதிய மென்பொருள்களில் வந்துவிட்டது. அதை அணைத்து வைக்காமல் இருந்தால் சரி. ஐரோப்பா, ஆப்பிரிக்காவுக்கான திட்டத்தில் ஆளில்லாத நிலையங்களுக்கென்று 14,089 முதல் 14,099 வரை ஒரு தெருவையே ஒதுக்கியிருக்கிறார்கள். பீக்கன்களுக்கு ஒட்டி அடுத்த தெரு. அவரவர் தெருவில் அவரவர் இருந்தால் யாருக்கு என்ன வலி?

மெஷின் இல்லாத ரேடியோவின் மகத்துவத்தை நான் மறுக்கவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் போர்ட் பிளேரில் ஹாம் நிகழ்ச்சிக்காகப் போயிருந்த பாரதி பிரசாத், பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு அந்தத் தீவுகளின் சேதியை வெளியே சொன்னார். குரலில்தான் சொன்னார். அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு மனிதக் குரல். அதையும் இதையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்துவதுதான் எனக்குப் புரியவில்லை. வானம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பீக்கன் சொல்லாவிட்டால், அந்தக் குரலை எந்தப் பக்கம் அனுப்புவது?

பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் பரீட்சை எழுதலாம். எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி என் அறையில் உட்கார்ந்து பீக்கன் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். ஹாங்காங் முடிந்தால் கொழும்பு என்று என்னைவிட வேகமாகச் சொல்கிறாள். விண்வெளி நிலையத்தின் பொட்டலத்தைத் தானே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. "உரிமம் வாங்கிட்டு வா, மாடி உன்னோடது" என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வேலை போளூரில். நண்பரின் மாடியில் செய்தியை வாங்கித் திருப்பி ஒலிபரப்பிக்கொண்டு எந்நேரமும் ஓடும் டிஜிபீட்டர் ஒன்று வைக்கலாம் என்று மூன்று பேரும் பேசி முடித்தாயிற்று. ஆளில்லாமல் ஓட்டுவதென்றால் தில்லிக்கு முறையாக எழுதிக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அந்தக் கடிதத்தை வாத்தியார் எழுதிக்கொண்டிருக்கிறார், அதுவும் அவருடைய அழகான ஆசிரியர் கையெழுத்தில். சோலார் பலகை என் பொறுப்பு. பேட்டரி யார் வாங்குவது என்பதில்தான் தகராறு. இடம் கொடுக்கிறவர் பேட்டரியும் கொடுக்க வேண்டுமா என்று போளூர்க்காரர் கேட்கிறார். மெஷினே வேண்டாம் என்று சொன்னவன் நான், என்னிடம் காசு கேட்காதே என்கிறார் வாத்தியார்.